பொறுப்பு: மாதேஸ்வரி

தன்னிடத்துள்ள குற்றத்தைப் பிறர் காணுமுன் தான் கண்டு, கண்டதை மறைக்காமல் உரைத்தல் ஓர் அறம். அறநூலோர் அதனை அரசர்க்கும் துறவியர்க்கும் விதித்தனர். சூளகிரிக்கும் ராயக்கோட்டைக்கும் இடையே, சாலையிலிருந்து ஒரு கல் தொலைவு உள்ளடங்கிய பண்ணை ஒன்றில், அவ்வறம் நாள்தோறும் காலை ஆறரை மணிக்குச் சிவப்பு அட்டையில் எழுதப்பட்டு, துளையிடப்பட்டு, நூல் கோக்கப்பட்டுத் தொங்கவிடப்படுகிறது. இன்றைய அட்டை பால் கேன் மூடிக்கு உரியது. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறது. மாதேஸ்வரி அதை இருமுறை அழுத்திப் பார்த்து, மார்க்கர் பேனாவை உதறி எழுதுகிறார்: "பொருள்: கேன் மூடி. குறை: லூஸ். காரணம்: வளையம் மாற்றி ஒரு வருடம் ஆச்சு. பொறுப்பு: மாதேஸ்வரி. முடிக்கும் நாள்: வெள்ளி."

மூடியின் கழுத்தில் அட்டை ஏறுகிறது. வெள்ளிக்கிழமை வரை அம்மூடியை யாரும் தொடமாட்டார்கள். அதுவரை பாலை மூட ஒரு தட்டு போதும்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வு மேசை முன் பத்தொன்பது ஆண்டுகள் நின்றார். நின்றார் என்பது அலங்காரச் சொல்லன்று. அம்மேசைக்கு நாற்காலி கிடையாது. ஒரு ஷிப்டுக்கு நானூறு கட்டுகள் அவர் விரல்களின் வழியே சென்றன. பழுதுள்ளதற்குச் சிவப்பு அட்டை. அட்டை ஏறிய பொருளை மேலாளரே வந்தாலும் நகர்த்தலாகாது. பழுது தீர்ந்த பின்னரே அட்டை இறங்கும். பின்பு ஒருநாள் அத்தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போயிற்று. மேசையும் போயிற்று. வழக்கம் மட்டும் மாதேஸ்வரியோடு பேருந்தேறி ஊர் திரும்பிற்று. "நாப்பது தாண்டிட்டா எந்த கம்பெனி கேட்டுலயும் பேரு கூட எழுத மாட்டாங்க. வாட்ச்மேனே வயச பார்த்துட்டு கை ஆட்டிடுவான்" என்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை. அளவில் ஒரு மில்லிமீட்டர் குறைவதைச் சொல்லும் குரல்தான்.

பண்ணை பதினோரு ஏக்கர். உடையவர் முனிவேல். மாதேஸ்வரியின் தந்தை இதே நிலத்தில் முனிவேலின் தந்தைக்கு ஏர் ஓட்டியவர். அவரை "ஐயா" என்று விளித்து, வாசற்படிக்கு நான்கு முழம் தள்ளி நின்று பேசியவர். மாதேஸ்வரி முனிவேலை "சார்" என்கிறார். எதிரே நின்று பேசுகிறார். இம்மாற்றத்துக்கு ஊரில் கூட்டம் ஏதும் கூடவில்லை. வேலைக்கு வந்த முதல்நாள் அவர் "குட் மார்னிங் சார்" என்றார். முனிவேல் சற்றுத் திகைத்து "குட் மார்னிங்" என்றார். அத்துடன் முடிந்தது.

பண்ணையில் மாடுகள் ஐந்து. அவற்றுக்கு எண் உண்டு, பெயர் இல்லை. நான்காம் எண் மாலூர்ச் சந்தையில் வாங்கியது. தமிழில் அழைத்தால் அது காது மடலைக் கூட அசைப்பதில்லை. "பாரே, பாரே" என்று கன்னடத்தில் கொஞ்சினால் வாலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. "அது கர்நாடகா ரிஜிஸ்ட்ரேசனுங்க" என்பது மாதேஸ்வரியின் விளக்கம். காவல் நாயின் கழுத்திலும் ஓர் அட்டை உண்டு: "குறை: யார் வந்தாலும் வால் ஆட்டுது. காரணம்: பிஸ்கட். பொறுப்பு: முனிவேல் சார்." முடிக்கும் நாள் என்னுமிடம் வெறுமையாக இருக்கிறது. முனிவேல் அவ்வட்டையை நாள்தோறும் பார்க்கிறார். பிஸ்கட்டும் நாள்தோறும் போடுகிறார்.

வீட்டில் மாதேஸ்வரி அட்டை எழுதுவதில்லை. கணவர் ஆஞ்சப்பன் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். மகள் ரூபா பர்கூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். "வூட்டுல எழுத ஆரம்பிச்சா அட்டை பத்தாதுங்க" என்று மாதேஸ்வரி காரணம் கூறுகிறார். ஆஞ்சப்பன் இதை மறுத்ததில்லை.

பண்ணையின் பிழைப்பு பள்ளிப் பிள்ளைகளால் நடக்கிறது. தக்காளியால் நடக்கவேண்டியது; ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை விழும் விதத்தை அறிந்தவர் அதற்கு மேல் கேட்கமாட்டார். எனவே வெயிலில் ஓடும் மோட்டார், சாணத்தில் எரியும் அடுப்பு, சொட்டுநீர், மண்புழு உரம் ஆகியவற்றைக் காட்டுவதற்கென்று முனிவேல் பள்ளிகளை அழைக்கிறார். பேருந்துகள் வருகின்றன. காட்டுபவர் மாதேஸ்வரி. நிலமும் ஞாயிறும் அவர் வாயில் ஒரு தொழிற்சாலையாக விரிகின்றன.

"சூரியன் வந்துங்க, நம்ம கிட்ட டே ஷிப்டு மட்டுந்தான். ஓ.டி. பார்க்க சொன்னா பார்க்க மாட்டாரு. மேகம் வந்துச்சுன்னா லைன் ஸ்டாப்பு." பிள்ளைகள் இதை எழுதிக்கொள்கிறார்கள். மண்புழுத் தொட்டியின் அருகே குரல் சற்றுத் தாழும். "இவுங்கதான் இங்க பர்மனென்ட்டு. லீவு இல்ல, கேன்டீன் இல்ல. வெயில் பட்டா மட்டும் செத்துப் போயிடுவாங்க, அதனால கோணிய யாரும் தூக்காதீங்க." யாரேனும் ஒருவன் தூக்குவான். அவன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பேருந்தேறும் வரை அவனைப் "புழு இன்சார்ஜ்" என்றே அழைப்பார். அதன்பின் அவன் மற்றவரைத் தூக்கவிடமாட்டான்.

காட்சியின் முடிவு எப்போதும் அடுப்படியில். சாணக் குழியின் மேல் இரும்புக் கலம் ஒன்று கவிழ்ந்து மிதக்கிறது; உள்ளே வாயு ஊற ஊறக் கலம் மேலே எழும். அவ்வாயுவில் ராகி மால்ட் காய்ச்சி எல்லார்க்கும் ஒரு டம்ளர் தருவார். எதில் காய்ந்தது என்பதை அறிந்ததும் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். பின்பு இரண்டாம் டம்ளர் கேட்பார்கள்.

சென்ற மாதம் ஓசூரிலிருந்து ஒரு தனியார் பள்ளி முதன்முறை வருவதாகச் சொல்லிற்று. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபத்திரண்டு பேர். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஆண்டுதோறும் ஆறு முதல் ஒன்பது வரை நான்கு வகுப்புகளும் வரும், பண்ணை நிமிர்ந்துவிடும். பிடிக்காவிட்டால் நிலம் கிடங்கு கட்டுவதற்குக் குத்தகைக்குப் போகும். குத்தகை கேட்டு ஒருவர் இருமுறை வந்து, காரில் இருந்தபடியே நிலத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார். இது முனிவேலுக்குத் தெரியும், மாதேஸ்வரிக்கும் தெரியும்.

பள்ளியின் அறிவியல் ஆசிரியை வினிதா, வருமுன் ஒரு செய்தி அனுப்பினார்: "பிள்ளைகள் வரும் இடம் சுத்தமாக இருக்கும்தானே?" முனிவேல் அதை மாதேஸ்வரியின் கைப்பேசிக்கு அனுப்பினார். மாதேஸ்வரி அதைத் தணிக்கை அறிவிப்பாகக் கொண்டார். தொழிற்சாலையில் தணிக்கைக்கு வெளிநாட்டார் வருவதற்கு மூன்று நாள் முன்னரே தரை கழுவப்படும். முகம் தெரியும்படி மின்னினால் பாதித் தணிக்கை முடிந்தது என்பது அங்குள்ள நம்பிக்கை. ஆகவே அவர் மாட்டுக் கொட்டகையைப் பினாயில் ஊற்றிக் கழுவினார். மூன்று நாள், நாளொன்றுக்கு இரண்டு முறை, கேன் கேனாக ஊற்றினார். வாழ்நாளில் அத்தகைய நறுமணத்தை அறிந்திராத மாடுகள் நின்றபடியே தும்மின. முனிவேல் வந்து பார்த்து, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது போ!" என்று மகிழ்ந்தார்.

கொட்டகையைக் கழுவும் நீர் வீணாகாமல் சாணக் குழிக்குள் சேரும்படி வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கிறது. அவ்வாய்க்கால் தன் கடமையைச் செய்தது.

நான்காம் நாள் காலை, மிதக்கும் கலம் எழவில்லை. அடுப்பைத் திருகினால் சிறு பெருமூச்சு வந்தது, அதுவும் நின்றது. மாதேஸ்வரி குழியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வாய்க்காலைப் பார்த்தார். காலி கேன்களைப் பார்த்தார். கொட்டகைத் தரையில் தம் முகம் தெரிவதையும் பார்த்தார். பிறகு, முடிக்கும் நாளுக்கு நேரே நாற்பது நாள் என்று குறித்து, சிவப்பு அட்டை ஒன்றை எழுதிக் கலத்தின் மேல் கட்டினார். மறுநாள் பள்ளிப் பேருந்து வரவேண்டியது.

முனிவேல் அட்டையைப் படித்தார்.

"மாதேஸ்வரி, இத மொதல்ல கழட்டு."

"ஓகே ஆகாம கழட்டக் கூடாதுங்க சார்."

"இது கம்பெனியா? இது எங்கப்பன் நெலம்."

"நெலம் உங்களுதுதாங்க. கேஸ்தான் வரல."

"வரலன்னா என்னா இப்போ? செவுத்துக்கு அந்தாண்ட ஒரு சிலிண்டர வெச்சி, ஓட்டையில ட்யூப விட்டுட்டன். ஏழாங்கிளாஸ் பசங்க. எரியுதான்னு பார்ப்பாங்களா, எதுல எரியுதுன்னு பார்ப்பாங்களா?"

மாதேஸ்வரி அட்டையின் முடிச்சை இறுக்கினார். முனிவேல் கெட்டவரல்லர். அவர் குரல் இறங்கிற்று.

"இங்க பாரு. அந்தக் குடோன்காரன் திங்கக்கெழம வர்றான். இந்த ஸ்கூலு வேணாம்னுட்டா நான் கையெழுத்து போட்டுத்தான் ஆவணும். அப்புறம் உனக்கும் இங்க வேலை இல்ல, எனக்கும் இல்ல. பினாயில் ஊத்தனது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ சொன்னபடி கேளு. குழி மேல அட்டை இருக்கக் கூடாது. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதுங்க சார். குழி மேல இருக்காது."

மாதேஸ்வரி சொன்ன சொல் தவறமாட்டார் என்பதை முனிவேல் அறிவார். நிம்மதியோடு வீட்டுக்குப் போனார். மாலையில் செய்தியைக் கேட்ட ஆஞ்சப்பன் மட்டும் மனைவியை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாய மூடிக்கினு இருன்னு சாமியே வந்து சொன்னாலும், அவருக்கும் ஒரு அட்டை எழுதிடுவ நீ."

மறுநாள் பனி ஒன்பது மணி வரை கலையவில்லை. பேருந்து வந்தபோது மாதேஸ்வரி வாயிலில் நின்றார். சேலையின் மேல் பழைய கம்பெனியின் நீல மேற்சட்டை; கழுத்தில் பழைய கம்பெனியின் அடையாள அட்டைக் கயிறு. கயிற்றின் முனையில் அடையாள அட்டை இல்லை. சிவப்பு அட்டை இருந்தது.

முனிவேல் அதைக் கண்டபோது முதல் பத்துப் பிள்ளைகள் இறங்கிவிட்டிருந்தனர்.

"என்னா மாதேஸ்வரி இது?" என்றார், புன்னகை மாறாமல், பல்லுக்கிடையே.

"குழி மேல இல்லீங்க சார்."

அதற்குமேல் பேச இடமில்லை. ஆசிரியை வினிதா வணக்கம் சொல்லிக்கொண்டே வந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் யாரும் அவ்வட்டையைக் குறித்துக் கேட்கவில்லை. ஓசூர்ப் பிள்ளைகளுக்குக் கழுத்தில் அட்டை தொங்குவது வியப்பன்று. அவர்களுடைய தாய் தந்தையர் கழுத்தில் எல்லாம் ஏதோ ஒன்று தொங்கித்தான் வீடு வருகிறது. சூரியத் தகடுகளின் கீழே மோட்டார் முனகிற்று. குழாயில் நீர் நூலாக வந்து, பனி விலக விலகக் கயிறாயிற்று. "ஆபீசர் இப்பதான் பஞ்ச் பண்ணிட்டு உள்ள வர்றாரு" என்று மாதேஸ்வரி வானத்தைக் காட்டினார். தக்காளிப் பாத்தியில் ஒவ்வொரு செடியின் காலடியிலும் நீர் சொட்டியது. மண்புழுக் கோணியை ஒருவன் தூக்கினான், பதவி பெற்றான். ஆசிரியை இருமுறை சிரித்தார். முனிவேலின் தோள்கள் மெல்ல இறங்கின.

அடுப்படிக்கு வந்தார்கள். முனிவேல் தாமே முன்சென்று தீக்குச்சி கிழித்தார். நீலச் சுடர் வட்டமாக எழுந்தது. ராகி மால்ட் பாத்திரம் ஏற்றப்பட்டது. அறுபத்திரண்டு பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

மாதேஸ்வரி அசையாமல் நின்றார்.

"அக்கா, இத பத்தி சொல்லுங்க" என்றார் வினிதா.

பிள்ளைகள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முனிவேல் தொண்டையைச் செருமினார். முதல் வரிசையில் ஹரிணி என்னும் சிறுமி நின்றாள். வகுப்பில் மிகக் குள்ளமானவள். மாதேஸ்வரியின் மார்பில் தொங்கிய அட்டை சரியாக அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. எழுதிக்கொள்ள வேறொன்றும் சொல்லப்படாததால் அவள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"பொருள்: சாண கேஸ் குழி. குறை: கேஸ் இல்லை." படித்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள். "மிஸ், எரியுதே மிஸ்!"

மால்ட் பொங்குவதற்கு முன்னுள்ள ஒலி மட்டும் கேட்டது.

"எரியறது சிலிண்டருங்க மிஸ்" என்றார் மாதேஸ்வரி. "செவுத்துக்கு அந்தாண்ட இருக்குது. குழி செத்துப் போச்சி. நான்தான் சாவடிச்சன்."

நான்கு பிள்ளைகள் சுவருக்குப் பின்னால் ஓடினார்கள். "இருக்குது மிஸ்! சாக்கு போட்டு மூடி வெச்சிருக்காங்க!" என்று கூவினார்கள். காவலுக்கு விடப்பட்டிருந்த நாய் அவர்களை வாலாட்டி வரவேற்றது.

முனிவேல் தக்காளிச் செடிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். வினிதாவின் முகம் சிவந்தது. ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் ஹரிணி கேட்டுவிட்டாள்:

"ஏன் செத்துப் போச்சி?"

ஆய்வு மேசையில் பழுது கண்டால் "ஏன்" என்று ஐந்து முறை கேட்கவேண்டும். அதுவே அங்குள்ள விதி. மாதேஸ்வரிக்குக் கால் ஊன்றத் தரை கிடைத்தது.

"அப்பிடி நேரா கேக்கக் கூடாது பாப்பா. வரிசையா வரணும். நீங்க எல்லாரும் ஏன் ஏன்னு கேளுங்க, நான் சொல்றன். அடுப்பு எரியல."

"ஏன்?" என்றனர் சிலர்.

"குழியில கேஸ் இல்ல."

"ஏன்?" இம்முறை பாதி வகுப்பு.

"சாணத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்குது. அதுங்கதான் சாணத்த தின்னு கேஸ் உடுது. அதுங்க அவ்வளவும் செத்துப் போச்சி."

"ஏன்?"

"பினாயில் போச்சி உள்ள. பினாயிலுக்கு நல்ல கிருமி கெட்ட கிருமின்னு பிரிக்கத் தெரியாது."

"ஏன்?" அறுபத்திரண்டு குரல். நான்காம் எண் மாடு திரும்பிப் பார்த்தது.

"கொட்டாய கழுவற தண்ணி இந்த வாய்க்கா வழியா நேரா குழிக்குத்தான் வருது. பினாயில் ஊத்தி கழுவுனாங்க."

"ஏன்?"

"நீங்க வர்றீங்கன்னு. தரை மின்னுச்சுன்னா உங்க மிஸ்ஸுக்கு புடிக்கும்னு. ஊத்தனது நான். வாய்க்கா எங்க போவுதுன்னு தெரிஞ்சிருந்தும் யோசிக்காத ஊத்தனது நான்."

ஞானியர் காடு சென்று, காற்றையுண்டு, நெடுந்தவம் புரிந்து இத்தகைய விடையை அடைந்தனர் என்பர். மாதேஸ்வரி ஐந்து வினாக்களில், காலை பதினொன்றரை மணிக்கு, மாட்டுக் கொட்டகையின் அருகே அடைந்தார்.

பிள்ளைகள் எழுதினார்கள். அன்று அவர்கள் மிகுதியாக எழுதியது அங்கேதான். எத்தனை மூடி பினாயில் ஊற்றினால் கிருமி சாகும், கிருமிக்கு வலிக்குமா, மறுபடி பிறக்குமா, நாற்பது நாள் என்று அட்டையில் எப்படி எழுதினீர்கள் என்று வினாக்கள் வந்தவண்ணம் இருந்தன. "எங்க வீட்ல தெனம் பினாயில் போடறாங்க அக்கா. அந்தத் தண்ணி போற எடத்துல இருக்கற கிருமி?" என்றாள் ஹரிணி. மாதேஸ்வரி சற்று யோசித்தார். மேற்சட்டைப் பையிலிருந்து எழுதாத அட்டை ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். "எனக்குத் தெரியல. நீ போய் பார்த்து எழுது."

ராகி மால்ட் பொங்கியிருந்தது. அதைக் கொடுப்பதா என்று ஆசிரியை ஒரு கணம் யோசித்தார். பிள்ளைகள் யோசிக்கவில்லை.

பேருந்து புறப்படுமுன் வினிதா முனிவேலிடம் வந்தார். "பசங்ககிட்ட சிலிண்டர காட்டி சாண கேஸுன்னு சொல்லப் பார்த்தீங்களா சார்?"

முனிவேல் கையிலிருந்த தீப்பெட்டியைப் பைக்குள் போட்டார். மாதேஸ்வரி குறுக்கே வந்தார். "நான் பினாயில் ஊத்தலன்னா சாரு சிலிண்டரே வாங்கியிருக்க மாட்டாருங்க மிஸ்."

"அது அவருக்கான கேள்வி அக்கா" என்றார் ஆசிரியை. "நான் பிரின்சிபால்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

பேருந்து சென்றது. முனிவேலும் சென்றார். மூன்று நாள் அவர் பண்ணைப் பக்கம் வரவில்லை. மாதேஸ்வரி அம்மூன்று நாளும் ஆறரைக்கு வந்தார், பால் கறந்தார், சாணம் அள்ளினார், கொட்டகையை வெறும் நீரால் கழுவினார்.

நான்காம் நாள் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. முதல்வர் கடுமையாகப் பேசினார். ஆயினும் அறுபத்திரண்டு குறிப்பேட்டிலும் செத்த குழியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. அது பிழைத்ததா இல்லையா என்று பிள்ளைகள் ஆசிரியையை நடக்கவிடாமல் கேட்கிறார்கள். ஆகவே நாற்பத்தோராம் நாள் அதே வகுப்பு மறுபடி வரும். அன்று சாணத்தால் அடுப்பு எரிந்தால் நான்கு வகுப்புகளும் ஆண்டுதோறும் வரும். எரியாவிட்டால், அல்லது சுவருக்குப் பின்னால் ஏதேனும் இருந்தால், அதுவே கடைசி. முனிவேல் கிடங்குக்காரரிடம் நாற்பது நாள் தவணை கேட்டார். அவர் கொடுத்தார். நிலம் எங்கும் ஓடிவிடாது என்றார்.

அன்று மாலை முனிவேல் பண்ணைக்கு வந்து குழியருகே நின்றார்.

"நாளைக்கு நான் வரணுங்களா சார்?" என்று மாதேஸ்வரி கேட்டார்.

"நாப்பது நாளுன்னு அட்டையில எழுதுனது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ வா."

குழியில் பாதியை இறைத்துத் தனியே கொட்டினார்கள். எஞ்சியதில் புதுச் சாணமும் நீரும் சமமாகக் கரைத்து விட்டார்கள். ஆனால் செத்த குழிக்கு உயிருள்ள குழியிலிருந்து உறை ஊற்றவேண்டும், தயிருக்குப் போல. அஞ்செட்டிப் பக்கம் பெரியதம்பி என்பவரிடம் நல்ல குழி இருப்பதாகக் கேள்வி. அக்கரைசலைப் பேருந்து ஏற்றாது; மினி லாரிக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு மறுத்தார். முனிவேல் தம் காரின் பின்கதவைத் திறந்தார். நான்கு டிரம், இரண்டு நடை, வழியெல்லாம் வளைவு. மறுநாள் காரின் கண்ணாடியில் ஒரு சிவப்பு அட்டை இருந்தது: "பொருள்: கார். குறை: வாசம். பொறுப்பு: மாதேஸ்வரி." முடிக்கும் நாளுக்கு நேரே, நேர்மை கருதி, "தெரியல" என்று எழுதியிருந்தது.

மார்கழிக் குளிர் கிருமிக்கு ஆகாது. கலத்தைச் சுற்றி ராகி வைக்கோல் அடுக்கி, கறுப்புத் தார்ப்பாய் போர்த்தினார். நாள்தோறும் வெந்நீர் கலந்து சாணம் கரைத்தார். நாள்தோறும் கலத்தின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு இட்டார். பத்து நாள் கோடு அதே இடத்தில் இருந்தது. பதினெட்டாம் நாளும் இருந்தது. கிடங்குக்காரர் ஒருமுறை வந்து, அளவு நாடாவை இழுத்து நீட்டாமல் கையில் வைத்துச் சுழற்றிவிட்டுப் போனார்.

இன்று இருபத்தாறாம் நாள். பால் கேன் மூடியை அடுத்து, மாதேஸ்வரி குழிக்கு வந்திருக்கிறார். கலம் கோட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை எழுந்திருக்கிறது. அதை மட்டும் நம்ப இயலாது. எரியாத காற்றும் கலத்தைத் தூக்கும். முனிவேல் கொட்டகை ஓரத்தில், ஈரம் படாத இடத்தில் நின்று, "என்னா? என்னா ஆச்சி?" என்கிறார்.

மாதேஸ்வரி வளையலை முழங்கை வரை ஏற்றி, குழியின் வெளிவாயில் கையை விட்டு, ஒரு கை கரைசலை அள்ளுகிறார். மூக்கருகே கொண்டு போகிறார். புளித்த மாவின் வாடை வந்தால் குழி பிழைக்கவில்லை என்று பொருள். மழை பட்ட மண்ணின் வாடை வந்தால் பிழைத்தது. கண்ணை மூடி ஒருமுறை, திறந்து ஒருமுறை முகர்கிறார். ஆய்வு மேசையில் இரண்டாமவர் பாராமல் எதுவும் தேறியதாகாது.

உள்ளங்கையை முனிவேலை நோக்கி நீட்டுகிறார்.

முனிவேல் ஈரத்தில் இறங்கி வருகிறார். செருப்பைக் கழற்றுகிறார், கழற்றவேண்டியதில்லை. ஏர் ஓட்டியவர் மகளின் கையருகே குனிந்து, மூச்சை ஆழ இழுக்கிறார். நிமிர நேரமாகிறது.

"மண்ணு வாசம் வருது" என்கிறார்.

மாதேஸ்வரி கையைத் தாழ்த்தாமல், "இன்னொரு தடவ பாருங்க சார்" என்று இன்னும் சற்று நீட்டுகிறார்.

ஓசூர்க் குன்றின்மேல் பிறை சூடி வீற்றிருக்கும் பெருமான் மாதேஸ்வரியின் மனையைக் காக்க. அங்கே அடுப்பு அணையாதிருக்க. குடத்து நீர் குறையாதிருக்க. ஆஞ்சப்பனின் வண்டி பனியிலும் வழி தப்பாது வீடு சேர்க. ரூபாவின் கல்வி பெருகுக. மாதேஸ்வரியின் கை நலிவின்றி நெடுங்காலம் வாழ்க.